கிழிந்ததை ஒட்டாதீர்கள்: புதிதாகக் களத்துக்கு வருகிறவர்களுக்கு

தூத்துக்குடியில் பால்வினை நோய்த் தடுப்பு வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். துறைமுகச் சாலையில் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடமும், மீன்பிடித் துறைமுகமும், திரேஸ்புரம் கடற்கரையும்தான் இனி உங்கள் அலுவலகம். பயிற்சியில் ஆணுறையை மர மாதிரியில் மாட்டிக் காட்டச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். கிழிந்துபோன ஒன்றைப் பையில் சுருட்டி எடுத்துவந்து, “இதை ஒட்டலாமா அக்கா?” என்று தலையைக் குனிந்துகொண்டு கேட்பவருக்கு என்ன பதில் சொல்வதென்று அங்கே சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஆணுறையோடு இந்தக் கேள்வி நிற்பதில்லை. சிலிகானிலும் ரப்பரிலும் மெத்தென்ற பிளாஸ்டிக்கிலும் செய்த செக்ஸ் டாய்கள் கப்பலில் வேலை பார்ப்பவர்களின் பெட்டியிலும் ஆன்லைன் பார்சலிலும் ஊருக்குள் வருகின்றன. கணவனைக் கடலுக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பிவிட்டுத் தனியாக இருக்கும் பெண்களும் வாங்குகிறார்கள். ஆண்களும், திருநங்கைகளும், தம்பதிகளும் வாங்குகிறார்கள். மெத்தென்ற எதுவும் ஒருநாள் கிழியும். கிழிந்ததும் யாரிடம் கேட்பதென்று தெரியாமல் தாங்களே ஒட்டிக்கொள்கிறார்கள். அதனால் புண்ணாகி, புண்ணை மறைத்து, முற்றிய பிறகு வருகிறார்கள். இந்த வரிசையை முதல் படியிலேயே அறுக்க வேண்டும்.

1. முதலில் ஆளைப் பாருங்கள். பொருளை அப்புறம் பார்க்கலாம். வந்தவர் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கட்டும். “எரிச்சல் இருக்கா? ரத்தம் வந்துதா? காய்ச்சல்? வெள்ளைப்படுதலோ சீழோ இருக்கா?” என்று கேளுங்கள். இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றால் மற்றப் பேச்செல்லாம் பிறகு. அன்றைக்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். “இதையெல்லாம் எதுக்குப் பயன்படுத்துறீங்க?” என்ற கேள்வி உங்கள் வாயிலிருந்து வரவே கூடாது. வயது வந்த ஒருவர் தன் உடம்போடு எப்படி இருக்கிறார் என்பதற்கு உங்களிடம் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

2. உடம்புக்கு உள்ளே போவதா, வெளியே இருப்பதா என்று பிரித்துப் பாருங்கள். என் அறிவுரை முழுவதும் இந்தக் கோட்டில்தான் நிற்கிறது. வெளியே இருப்பதைச் சில நேரம் ஒட்டலாம். சங்கு குளிக்கப் போகிறவர் உடுத்தும் நியோப்ரீன் உடுப்பு முழங்கையில் கிழிந்தால் அதற்கென்றே உள்ள பசையால் ஒட்டிக்கொண்டு மறுபடி கடலில் இறங்கலாம். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களும் சில திருநங்கைகளும் உள்ளாடைக்குள் வைக்கும் சிலிகான் மார்பகத்தில் சின்னக் கீறல் விழுந்தால், புதிது வாங்கும்வரை துணியின் பக்கம் ஒட்டும் பட்டை போட்டுச் சமாளிக்கலாம். உள்ளிருக்கும் ஜெல் கசிய ஆரம்பித்தால் மாற்றத்தான் வேண்டும்.

உள்ளே போவது வேறு. யோனியின் உட்சுவரும் ஆசனவாயின் உட்சுவரும் வெளித்தோலைப்போலத் தடிமனானவை அல்ல. ஈரமானவை, மெல்லியவை, பட்டதை உறிஞ்சக்கூடியவை. அங்கே போகும் பொருளில் நகம் தடுக்கும் அளவுக்கு ஒரு வெடிப்பு இருந்தாலே போதும், கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். ஹெச்.ஐ.வி., ஹெர்பிஸ், எச்.பி.வி., சிபிலிஸ் எல்லாவற்றுக்கும் அந்தக் கீறல் ஒரு வாசல். ஆகவே உள்ளே போவது கிழிந்தால் ஒட்ட வேண்டாம், மாற்றுங்கள். ஆணின் உறுப்பு உள்ளே போகும்படி செய்த உறை வகைப் பொருள்களுக்கும் இதே விதிதான். அங்கும் மெல்லிய தோல்தான் உரசுகிறது.

3. பசையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கேள்விகள் அதிகம் வருவது இங்கேதான்.

லாரிக்காரர்கள் கையில் பஞ்சர் சொல்யூஷன் எப்போதும் இருக்கும். டியூபை உரசி, சொல்யூஷன் தடவி, காயவிட்டு, ஒட்டைப் போட்டு அழுத்தினால் பல நூறு கிலோமீட்டர் ஓடுகிறது. அந்த நம்பிக்கையில் இதையும் ஒட்டிவிடுகிறார்கள். அப்படி ஒட்டின ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கிழிசலின் இரண்டு உதடும் பழுப்பேறி விறைத்திருக்கும். நடுவில் பசை மணிமணியாக உறைந்திருக்கும். லேசாக இழுத்தால் ஒட்டு அப்படியே நிற்க, ஒட்டுக்குப் பக்கத்தில் புதிதாகக் கிழியும். மெத்தென்ற இடம் இழுபடும், விறைத்த இடம் இழுபடாது. இரண்டும் சேரும் விளிம்பில்தான் பலம் முழுவதும் போய் விழுகிறது. விறைத்துக் காயும் எந்தப் பசை போட்டாலும் இதுதான் நடக்கும். அந்த சொல்யூஷனில் கரைப்பான் வேறு இருக்கிறது. அது மெத்தென்ற பிளாஸ்டிக்கை ஊதவைக்கும், தோலைப் பொசுக்கும்.

ஃபெவிக்விக் மாதிரியான உடனடிப் பசைகள் காய்ந்தால் கண்ணாடித்துண்டுபோல ஆகிவிடும். உடையும் இடம் கூராக நிற்கும். குளியலறை ஓடு இடுக்கில் அடைக்கும் சிலிகான் பேஸ்ட்டும் வேண்டாம். “இதுவும் சிலிகான், அதுவும் சிலிகான்தானே?” என்பார்கள். வினிகர் வாடை அடிக்கும் வகையில் காயும்போது அசிட்டிக் அமிலம் வெளிவருகிறது. குளியலறைக்கென்று விற்பவற்றில் பூஞ்சை பிடிக்காமலிருக்க மருந்தும் கலக்கிறார்கள். அது ஓட்டுக்கு நல்லது, உடம்புக்கு ஆகாது. சிலிகானை ஒட்ட சிலிகான் பசையால் மட்டுமே முடியும், மருத்துவத் தரத்தில் அப்படி ஒன்று தயாராவதும் உண்மை. ஆனால் சுத்தமான அறையில், தெரிந்த கையால், முழுக்கக் காயவைத்துச் செய்யும் வேலை அது. வீட்டு மேசையில் செய்தால் ஒட்டுக்குள் காற்றுக்குமிழும் இடுக்கும் நிற்கும். சோப்பு அங்கே போகாது, கிருமி போகும்.

சூடான கத்தியாலோ சால்டரிங் கம்பியாலோ உருக்கி ஒட்டுவதும் ஒரு வழக்கம். டி.பி.இ. என்னும் மெத்தென்ற பிளாஸ்டிக் சூட்டில் இளகுவதால் ஒட்டிக்கொள்ளத்தான் செய்யும். ஆனால் இளகிய இடம் கரடாக உறையும். புகை மூக்கில் ஏறும். வெளியே வைத்து அழுத்தும் பொருளில் அது ஓரளவு பரவாயில்லை என்றே வைத்துக்கொண்டாலும், உள்ளே போகும் பொருளுக்கு அதையும் நான் சொல்லமாட்டேன்.

4. என்ன பொருளால் ஆனது என்று கையால் அறியப் பழகுங்கள். சிலிகானுக்குப் பெரும்பாலும் வாசனை இராது, எண்ணெய்ப் பிசுக்கு இராது. துளையில்லாத பரப்பு என்பதால் சுத்தம் செய்வது எளிது. அதற்குள்ள குறை, சின்ன வெட்டு விழுந்துவிட்டால் அந்த வெட்டு ஓடிக்கொண்டே போகும். டி.பி.இ. தோல்மாதிரி மெத்தென்று இருக்கும், நாளாக நாளாக எண்ணெய் கசிந்து பிசுபிசுக்கும். அதில் நுண்துளைகள் உண்டு, எவ்வளவு கழுவினாலும் முழுச் சுத்தம் ஆகாது. விலை குறைவு என்பதால் அதிகம் புழங்குவது இதுதான், சீக்கிரம் கிழிவதும் இதுதான். ஜெல்லி என்று விற்கும் மெத்தென்ற பி.வி.சி.யில் பிளாஸ்டிக்கை இளக்க தாலேட் வகை ரசாயனம் சேர்த்திருக்கலாம்; பையைத் திறந்ததுமே நெடி ஏறும். அது கிழியாவிட்டாலும் மாற்றச் சொல்லுங்கள்.

5. மாற்றுவதற்குப் பணமில்லை என்பவரிடம் “தூக்கி எறி” என்று மட்டும் சொல்லி அனுப்பிவிடாதீர்கள். அவர் தலையாட்டிவிட்டு வீட்டுக்குப் போய் மறுபடி அதையேதான் எடுப்பார். கிழிசல் இல்லாமல் பிசுக்கு மட்டும் ஏறிய பொருள் என்றால், புதிது வாங்கும்வரை மேலே ஆணுறை மாட்டிப் பயன்படுத்தச் சொல்லுங்கள். இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்று, ஆசனவாயிலிருந்து யோனிக்குப் போகும்போது மறுபடி புதிது. கிழிந்த பொருளுக்கு ஆணுறை மாட்டுவது தீர்வல்ல. வெடிப்பின் விளிம்பில் அந்த உறையும் கிழியும்.

6. இனி ஆணுறை. 1968இல் அரசு நிரோத் ஆணுறையைக் கொண்டுவந்தது. திருவனந்தபுரத்து எச்.எல்.எல். ஆலையில் மறு ஆண்டே உற்பத்தி தொடங்கியது. ஆலையில் ஒவ்வொன்றையும் உலோக அச்சில் மாட்டி மின்சாரத்தால் ஓட்டை பார்த்துத்தான் பொட்டலம் போடுகிறார்கள். ஆகவே பிரித்துத் தண்ணீர் ஊற்றியோ ஊதியோ சோதித்துவிட்டுப் பிறகு மாட்டிக்கொள்ளும் பழக்கத்தைத் தடுங்கள். ஊதிக் காட்டுவது நம் செயல்விளக்கத்துக்கு மட்டும், ஊதினது குப்பைக்கு.

கிழிவதற்கு நம் ஊரில் நான் அதிகம் பார்த்த காரணங்கள் வெயிலும் எண்ணெயும். லாரியின் டாஷ்போர்டில் கண்ணாடிக்குக் கீழே கிடக்கும் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டு விரலால் அழுத்தினால் உள்ளே காற்றுக் குமிழி நகர வேண்டும். நகராவிட்டால் பொட்டலத்தில் எங்கோ ஓட்டை. பிரித்தால் உறை வறண்டு, ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வரும். உப்பளத்து லாரி நாள் முழுவதும் வெயிலில் நிற்கிறது. அதில் வைத்த லேடெக்ஸுக்கு அட்டையில் போட்ட காலாவதித் தேதி பொருந்தாது. பர்ஸில் வைத்து அதன்மேல் உட்காருவதும் அப்படியே. சட்டைப்பையோ, நிழலில் தொங்கும் துணிப்பையோ நல்லது.

தேங்காய் எண்ணெயும் வாஸ்லினும் லேடெக்ஸுக்கு எதிரி. தாது எண்ணெய் பட்ட 60 நொடியில் ஆணுறையின் வலு ஏறத்தாழ 90 சதவீதம் குறைந்ததை 1989இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. படகு எஞ்சினில் வேலை பார்த்த கையில் கிரீஸ் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவாமல் பொட்டலத்தைத் தொடக் கூடாது என்று படகுக்காரர்களிடம் அழுத்திச் சொல்லுங்கள். வழுக்கலுக்குத் தண்ணீர் சார்ந்த ஜெல் மட்டும் போதும். அது லேடெக்ஸுக்கும் ஒத்துப்போகும், சிலிகானுக்கும் ஒத்துப்போகும். சிலிகான் ஜெல்லை லேடெக்ஸோடு பயன்படுத்தலாம், சிலிகான் பொருளின்மேல் தடவினால் பரப்பு பிசுபிசுத்துக் கெடலாம். ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு உறை வேண்டாம், உரசி இரண்டும் போகும்.

7. நடுவில் கிழிந்துவிட்டதா, கடிகாரத்தைப் பாருங்கள். ஹெச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் பி.இ.பி. மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே. 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தேவையா இல்லையா என்பதை மருத்துவர் முடிவுசெய்வார், நீங்கள் முடிவுசெய்யாதீர்கள். ஞாயிறு, திருவிழா, இரவு என்று தள்ளிப்போடாமல் அவசரப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். உடனே எடுக்கும் பரிசோதனையில் புதுத் தொற்று தெரியாது, ஹெச்.ஐ.வி. பரிசோதனை செய்யும் நம்பிக்கை மையத்தில் சொல்லும் நாளில் மறுபடி வரவேண்டும் என்பதையும் அப்போதே புரியவையுங்கள். இல்லாவிட்டால் முதல் ரிசல்ட்டை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போய்விடுவார்.

கர்ப்பம் வேண்டாதவர்களுக்கு அவசரக் கருத்தடை மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள். எவ்வளவு முன்னதாகவோ அவ்வளவு பலன். தமிழ்நாட்டில் மருந்துக்கடைகள் பல அதை விற்பதே இல்லை. ஒவ்வொரு கடையாக ஏறி இறங்கி அந்தப் பெண்ணின் நேரமும் தைரியமும் போய்விடும். நேராக அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ நீங்களே உடன் போங்கள். மாத்திரைக்கு நேரம் தவறினாலும் ஐந்து நாளுக்குள் காப்பர்-டி போட வழி இருக்கிறது.

8. கிழிந்த துண்டு உள்ளே தங்கிவிட்டால் கையைவிட்டுத் துழாவக் கூடாது. கரண்டிக் காம்பு, இடுக்கி எதுவும் கூடாது. பேதி மருந்தும் கூடாது. யோனிக்குள் என்றால் மருத்துவர் சில நிமிடத்தில் எடுத்துவிடுவார். ஆசனவாய்க்குள் போனது மேலே ஏறிவிடலாம்; வயிற்றுவலியும் காய்ச்சலும் வந்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையில் நடந்ததை நடந்தபடி சொல்லச் சொல்லுங்கள். “வழுக்கி விழுந்தேன்” என்று சொல்வதால் மருத்துவருக்கு நேரம் வீணாகிறது, அவ்வளவுதான். வாய் வராதவருக்காக நீங்கள் சொல்லுங்கள்.

9. சுத்தம். மோட்டார் இல்லாத முழுச் சிலிகானைச் சில நிமிடம் கொதிநீரில் போடலாம். டி.பி.இ.யைப் போட்டால் உருகிவிடும். அதற்கு மிதமான சோப்பும் வெதுவெதுப்பான நீரும், பிறகு முழுக்கக் காயவிடுவதும்தான். ஈரத்தோடு துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் ஒளித்துவைப்பதுதான் நம் வீடுகளில் நடப்பது, பூஞ்சை பிடிப்பதும் அதனால்தான். நாளிதழில் சுற்றினால் டி.பி.இ.யில் மை ஏறிவிடும். வெவ்வேறு பொருளால் ஆனவற்றை ஒட்டிவைத்தால் ஒன்றையொன்று கெடுக்கும். தனித்தனிப் பருத்திப் பை போதும். மோட்டாரோ பேட்டரியோ உள்ளதன் மேலுறை கிழிந்தால் வெளிப்பாகமானாலும் அதோடு முடிந்தது. பேட்டரி உப்பியிருந்தால் சார்ஜே போடக் கூடாது.

10. புதிது வாங்க வழி கேட்பார்கள். கடை பெயர் சொல்லாதீர்கள், எதைப் பார்த்து வாங்குவதென்று சொல்லிக்கொடுங்கள். என்ன பொருளால் ஆனது என்று அட்டையில் எழுதியிருக்கிறதா? பின்பக்கத்துக்கு என்றால் உள்ளே போய்விடாதபடி அடி அகன்றிருக்கிறதா? இணைப்பு வரியில் வெடிப்பு உண்டா? இந்தப் பொருள்களுக்கென்றே 2021இல் ஐ.எஸ்.ஓ. 3533 என்ற உலகத் தரம் வந்துவிட்டது. உள்ளே சிக்கிய பொருள்களோடு வந்த நோயாளிகளைப் பார்த்த ஸ்வீடன் மருத்துவர் ஒருவர் தொடங்கிவைத்த முயற்சி அது. அந்தத் தரத்தைக் குறிப்பிடும் பொருள் கிடைத்தால் நல்லது.

சட்டம் பற்றியும் கேட்பார்கள். வைத்திருப்பதைக் குற்றம் என்று சொல்லும் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஆபாசப் பொருள் விற்பனைக்கான பிரிவு உண்டு. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 292, இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 294. 1964ஆம் ஆண்டுச் சுங்க அறிவிக்கையைக் காட்டி மசாஜ் கருவிகளை நிறுத்திவைத்த வழக்கில், அவற்றை ஆபாசப் பொருளாகக் கருதித் தடுக்க முடியாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2024இல் சொல்லியிருக்கிறது. மற்றச் சந்தேகங்களுக்கு வழக்கறிஞரிடம் அனுப்புங்கள்.

11. பேசும் விதம். 1986இல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும்தான் நாட்டிலேயே முதலில் ஹெச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தார்கள். அதற்குப் பிறகு நெடுங்காலம் பயமுறுத்தித்தான் பிரச்சாரம் நடந்தது. 2000களின் தொடக்கத்தில் “புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?” என்ற சுவரெழுத்து ஊரெங்கும் இருந்தது. பேச்சு எழுந்தது நல்லதுதான். ஆனால் மருத்துவமனை வரிசையில் நின்றவரைப் பார்த்து “என்ன புள்ளிராஜா!” என்று கூப்பிட்ட வாய்களையும் நான் கேட்டிருக்கிறேன். கேலி விழுந்த இடத்துக்கு மனிதர் மறுபடி வரமாட்டார். வீட்டிலேயே ஒட்டிக்கொள்வார்.

தூத்துக்குடி விசைப்படகுகள் விடியற்காலை போய் இரவு திரும்புகிறவை. ஓடும் நாளில் படகுக்காரர்களுக்குப் பேச நேரமில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் வலை பின்னிக்கொண்டு கரையில் இருப்பார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நூல் கோத்துக் கொடுத்தபடி பேசுங்கள். சங்குகுளிக்காரர்களிடம் ரப்பரைப் பற்றி நீங்கள் பாடம் எடுக்கவே வேண்டாம். முகக்கண்ணாடியின் ரப்பர் விளிம்பு உப்பிலும் வெயிலிலும் எப்படி வெடிக்கும், ஆழத்தில் அது என்ன செய்யும் என்பது அவர்களுக்குத் தெரியும். “கண்ணாடி விளிம்பு வெடிச்சா ஒட்டிட்டா இறங்குவீங்க?” என்று கேட்டால் பதில் அவர்களிடமிருந்தே வரும்.

பெண்களிடம் பெண்கள் பேசுங்கள். தண்ணீர்க் குழாயடியில் பேசாதீர்கள்.

12. கேட்டது உங்களோடு இருக்கட்டும். ஒருவரின் ஹெச்.ஐ.வி. நிலையை அவர் சம்மதமில்லாமல் வெளியிடுவது 2017ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி. – எய்ட்ஸ் சட்டப்படி தவறு. 2018 செப்டம்பர் 10 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. சட்டம் சொல்லாத விஷயங்களிலும், அதாவது யார் என்ன வைத்திருக்கிறார்கள் என்பதிலும், அதே கண்டிப்போடு இருங்கள். சின்ன ஊர் இது. ஒரு டீக்கடையில் சொன்னது அடுத்த தெருவுக்குப் போகும்.

13. மாற்றியபின் பழையதை என்ன செய்வது என்று கேட்க எல்லாரும் கூச்சப்படுவார்கள், நீங்களே சொல்லிவிடுங்கள். கழிவறையில் போட்டால் குழாய் அடைக்கும். கடலில் வீசக் கூடாது. மன்னார் வளைகுடாவில் பிளாஸ்டிக் ஏற்கெனவே போதும் போதும் என்றிருக்கிறது. எரித்தால் நச்சுப் புகை. கழுவி, பேட்டரி இருந்தால் கழற்றி, துண்டாக வெட்டி, தாளில் கட்டி, மக்காத குப்பையில் போடச் சொல்லுங்கள். பயன்படுத்திய ஆணுறையை முடிச்சுப் போட்டுத் தாளில் சுற்றுவதும் அப்படியே. துப்புரவுப் பணியாளர் கையால் பிரித்தெடுக்கும் குப்பை அது.

நீங்கள் பக்கத்தில் இல்லாத நேரத்தில் அழைக்க 1097 என்ற ஹெச்.ஐ.வி. உதவி எண்ணை ஒவ்வொருவரிடமும் எழுதிக்கொடுத்துவிடுங்கள். கட்டணம் கிடையாது, சொன்னது வெளியே போகாது.